பலகை தெரியும், பசை தெரியாது: மரத்தரைத் தேர்வில் ஒருமுறை தோற்ற அனுபவம்

மரத்தரை பதிக்கும் தேர்வுக்கு முதல்முறை போன நாளில், ஆளுக்கொன்றாகத் தந்த தடுப்புகளில் கடைசிப் பலகை முதலில் பதிந்தது என் தடுப்பில்தான். மற்ற ஐந்து பேரும் முழங்காலிட்டு வேலை செய்துகொண்டிருக்க, நான் எழுந்து நின்று துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் வந்தார். அவர் கையில் நுனியில் குண்டு வைத்த சிறு இரும்புக் கம்பி. புதுக்கோட்டைப் பக்கம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படித் தரையைத் தட்டிக்கொண்டே போனார். கதவுப் பக்கம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டது. சுவர் மூலைக்குப் போகப் போக ‘பொத் பொத்’ என்றது. பலாப்பழம் அப்படி ஒலித்தால் பழுத்துவிட்டது என்று மகிழலாம். தரை அப்படி ஒலித்தால் தேர்வு போயிற்று.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உளியைச் செருகி மூலையில் ஒரு பலகையை நெம்பினார். பெரிதாகச் சிரமப்படாமலே அது கையோடு வந்தது. தரையில் பசை, உழுது போட்ட வயல்போல வரி வரியாக அப்படியே நின்றது. பலகையின் அடிப்புறம் கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே சுத்தமாக இருந்தது. அதைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு அடுத்த தடுப்புக்குப் போய்விட்டார்.

அப்பா ஆசாரி. பத்து வயதிலிருந்து உளியும் இழைப்புளியும் என் கையில் பழகியவை. சிங்கப்பூர் வந்து ஏழு ஆண்டுகளில் எத்தனையோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலகை பதித்திருக்கிறேன். ஆனால் எங்கள் குழுவில் பசை தடவுவது இன்னோர் அண்ணனின் வேலை. அவர் தடவிக்கொண்டே போவார், நான் பதித்துக்கொண்டே போவேன். பசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கையில் ஒட்டினால் போகாது என்பது மட்டும்தான். தேர்வில் இரண்டு வேலையும் ஒரே ஆளின் தலையில் விழும். இந்தத் தேர்வுக்குப் போகும் பெரும்பாலோர் என்னைப்போல ஒரு பாதியை மட்டும் தெரிந்தவர்கள்தான் என்பதால், தெரியாத பாதியை எப்படிப் படித்தேன் என்று எழுதுகிறேன்.

தோற்ற காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, தடுப்பு முழுவதும் ஒரேயடியாகப் பசையைத் தடவிவிட்டேன். பசை வாளியின் தாளில், தடவியபின் பலகை பதிக்க 40 நிமிடம் என்று இருந்தது. 40 நிமிடத்துக்குள் பதித்தும் முடித்துவிட்டேன். பிறகு ஏன் ஒட்டவில்லை? தாளின் அடியில் பொடி எழுத்தில் விடை இருந்தது. அந்த 40 நிமிடம் 23 டிகிரி வெப்பத்திலும் 50% காற்று ஈரப்பதத்திலும் அளந்தது. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். அன்று மதியம் மழை வேறு பெய்திருந்தது. மரத்தரைக்கு இன்று அதிகம் பயன்படும் பாலியூரித்தேன் பசையும் எம்எஸ் பாலிமர் பசையும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகின்றன. எனவே ஈரம் கூடினால் இறுக்கமும் விரைவில் வரும். ஆறும் பாலில் ஆடை படிவதுபோலப் பசையின் மேல் ஒரு தோல் படிந்துவிடும். அதன்பின் பலகையை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. அடியில் பசை மென்மையாக இருந்தாலும் அந்தத் தோல் மரத்தைத் தொட விடாது.

எழுத்துத் தேர்வில் இதைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள். நீர் கலந்த வெள்ளைப் பசை, தன்னிடமுள்ள நீரை இழந்து இறுகுவது. காற்றில் ஈரம் கூடினால் அது தாமதமாகத்தான் காயும். அந்த நீரைப் பலகை குடித்து உப்பவும் கூடும். “மழை நாளில் பசை சீக்கிரம் இறுகுமா, தாமதமாகவா?” என்ற கேள்விக்கு எந்தப் பசை என்று பார்க்காமல் விடை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

தோற்ற பிறகு நான் செய்த நல்ல காரியம் ஒன்றுதான். சூப்பர்வைசரிடம் கேட்டு, வேலையிடத்தில் மீந்த அரை வாளிப் பசையை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, சுங்கை காடுட்டில் இருக்கும் எங்கள் கிடங்கில் ஒரு பிளைவுட் துண்டின்மேல் அதைப் பல் கரண்டியால், அதாவது ஓரத்தில் பல் வெட்டிய தகட்டால், தடவினேன். கைப்பேசியில் நேரம் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெட்டுத் துண்டை வைத்து அழுத்தி, உடனே நெம்பி எடுத்து அடிப்புறத்தைப் பார்த்தேன். பத்தாவது நிமிடம்வரை அடிப்புறம் முழுக்கப் பசை. இருபதில் வரிகளின் தலை மட்டும் ஒட்டியிருந்தது. முப்பதில் தேர்வாளர் காட்டிய அதே சுத்தமான பலகை. அறைத் தோழர் கதவருகே நின்று, “ஒட்டுவதற்கா படிக்கிறாய், பிரிப்பதற்கா?” என்று கேட்டுச் சிரித்தார். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தக் குறிப்பேடும் கற்றுத் தரவில்லை. நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பசைக்கு வேறு நிமிடக் கணக்கு வரும், அதுவே உங்கள் கணக்கு.

கையுறை போட மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை தேக்காவில் பிரியாணியைக் கரண்டியால் சாப்பிட வேண்டியிருந்தது. இறுகிய பாலியூரித்தேன் தோலோடு உரிந்துதான் போகும், அதற்கு ஒரு வாரம் ஆகும். அந்தப் பசையில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல் என்பது எழுத்துத் தேர்விலும் வரும் கேள்வி. கையுறையில்லாமல் வாளியைத் திறந்தால் செய்முறையிலும் மதிப்பெண் குறையும்.

இரண்டாவது முறை என் முறையையே மாற்றிக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரம் மட்டும் தடவுவது, இரண்டு மூன்று வரிசை பதிப்பது, பிறகு அடுத்த பட்டை. கரண்டியை 45 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். படுக்க வைத்தால் பல்லின் உயரம் குறைந்து பசை மெலிந்துவிடும். கை சோர்ந்ததும் கரண்டி தானாகவே படுக்கத் தொடங்கும், அதைக் கவனியுங்கள். தேர்வு மேசையில் மூன்று கரண்டிகள் கிடந்தன: பல் இல்லாதது ஒன்று, சதுரப் பல் ஒன்று, முக்கோணப் பல் ஒன்று. எது சரி என்று பக்கத்துத் தடுப்பை எட்டிப் பார்க்காதீர்கள். பசை வாளியின் தாளில் படமே போட்டிருக்கும். முதல்முறை நான் முழுதும் படிக்காமல் விட்ட அதே தாள்தான். பல் தேய்ந்த கரண்டியும் ஒரு பொறியாக அங்கே கிடக்கலாம்.

ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பலகையைப் பதித்தவுடன் தூக்கிப் பாருங்கள். அடிப்புறம் ஏறக்குறைய முழுதும் நனைந்திருக்க வேண்டும். தேர்வாளர் பார்க்கும்போது தூக்கினால் இன்னும் நல்லது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் மதிப்பெண் போடுவது தரைக்கு மட்டுமல்ல, சோதிக்கும் பழக்கத்துக்கும்தான். தூக்கிய பலகையை அப்படியே திரும்ப வைக்காமல், அந்த இடத்தில் பசையை மீண்டும் கீறிவிட்டு வையுங்கள்.

ஈரப்பதப் பாடம்தான் எழுத்துத் தேர்வின் முதுகெலும்பு. சிமெண்டுத் தரை கண்ணுக்கு வெள்ளையாகக் காய்ந்து தெரியும். உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். புதிய ஸ்கிரீட்டுக்கு (தளத்தின்மேல் மட்டமாகப் போடும் சிமெண்டுப் பூச்சு) மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது வாய்க்கணக்கு. 50 மில்லிமீட்டர் என்றால் 50 நாள், அதுவும் காற்றோட்டம் நன்றாக இருந்தால். ஆனால் நாளை எண்ணிவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று விடை எழுதாதீர்கள். அளக்க வேண்டும். ஸ்கிரீட்டைக் கொஞ்சம் பெயர்த்து கார்பைடுப் பொடியோடு புட்டியில் குலுக்கும் முறையில், பெரும்பாலான பசைகளுக்கு 2 சதவீத ஈரம்தான் வரம்பு. துளையிட்டு ஈரம் அளக்கும் உணரியை இறக்கும் முறையில், ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில் அதன் கனத்தில் 40% ஆழத்துக்குத் துளை போக வேண்டும். பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி 16 மணி நேரம் விட்டுப் பார்ப்பதும் உண்டு. தாளின் அடியில் வியர்த்திருந்தால் பதிக்கக் கூடாது என்று அது சொல்லும். வியர்க்கவில்லை என்பதற்காகப் பதிக்கலாம் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டில்தான் ஒரு கேள்வி வந்தது.

மரத்துக்கும் ஈரக்கணக்கு உண்டு. காற்றில் 60% ஈரம் இருந்தால் மரத்தின் ஈரம் சுமார் 11 சதவீதத்தில் நிலைகொள்ளும், 80% இருந்தால் சுமார் 16 சதவீதத்தில். பகலெல்லாம் சன்னல் திறந்து, இரவெல்லாம் ஏர்கான் ஓடும் நம் ஊர் வீட்டுப் படுக்கையறைப் பலகை உப்பியும் சுருங்கியும் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் பலகைகளை வேலை நடக்கும் வீட்டிலேயே சில நாள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். சுவரோரம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விடுவதும் அதற்காகவே. அந்த இடைவெளியில் பசை வழிந்து நிரம்பினால் விட்டும் பயனில்லை.

கப்பிங், கிரவுனிங் இரண்டையும் நான் இப்படி நினைவில் வைத்தேன். அடியில் ஈரம், மேலே உலர்வு என்றால் ஓரங்கள் தூக்கிப் பலகை தாம்பாளம்போலக் குழியும்; அது கப்பிங். பொறுமையில்லாத ஒருவர் தூக்கிய ஓரங்களை இயந்திரத்தால் தேய்த்து மட்டமாக்கிவிடுகிறார். பின்னால் அடியீரம் காய்ந்ததும் ஓரம் தாழ்ந்து நடு மேடாகும், அது கிரவுனிங். பல நேரங்களில் இரண்டாவது நோய் முதல் நோய்க்குச் செய்த அவசர வைத்தியம்.

தரையின் மட்டம் பற்றி நீட்டப் போவதில்லை. சிங்கப்பூரில் 1989 முதல் இருக்கும் கான்குவாஸ் என்ற கட்டுமானத் தர மதிப்பீட்டில், 1.2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. மட்டக்கோலை வைத்துப் பார்த்து, பள்ளத்தை நிரப்பி, மேட்டைத் தேய்த்துவிட்டு, தூசியை உறிஞ்சி எடுங்கள். பிறகு தரையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். அது உள்ளே இறங்காமல் முத்தாக நின்றால் தரையில் பெயிண்டோ மெழுகோ வேறு ஏதோ பூச்சு இருக்கிறது, பசை பிடிக்காது. பள்ளத்தைப் பசையாலேயே நிரப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பசை நிரப்புபொருள் அல்ல.

நூல் அடிக்கும்போது சுவரை நம்பாதீர்கள். தேர்வுத் தடுப்பின் சுவர் வேண்டுமென்றே கோணலாகக் கட்டப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம்; உண்மையான வீடுகளில் வேண்டாமலே அப்படித்தான் இருக்கிறது. நடுவிலிருந்து அளந்து நேர்கோடு போட்டு, முதல் வரிசை நகராதபடி கட்டை அடித்து நிறுத்துங்கள். பதித்த பலகையின்மேல் உட்கார்ந்து வேலை செய்தால் ஈரப்பசையில் அது வழுக்கி, அதன் ஓரத்து நாக்கு பக்கத்துப் பலகையின் காடியைவிட்டு விலகும். அறுப்பது, கதவு நிலையின் அடியைச் சீவுவது, ஸ்கர்ட்டிங் என்ற சுவரடிப் பட்டை எல்லாம் ஆசாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

கணக்கில் என்னை மடக்கிய கேள்வி இது. அறை 4.2 மீட்டருக்கு 3.3 மீட்டர். சதுர மீட்டருக்கு 1.1 கிலோ பசை. ஒரு வாளி 15 கிலோ. எத்தனை வாளி? பரப்பு 13.86, பசை 15.25 கிலோ. முதல்முறை ‘ஏறக்குறைய ஒன்று’ என்று எழுதினேன். கால் கிலோ குறைந்தால் வேலை எங்கே நிற்கும்? கடைசி மூலையில், பாதி வரிசையில், கடை சாத்திய நேரத்தில். இரண்டு வாளி என்பதே விடை. பலகைக்கும் வெட்டுக்கழிவு சேர்த்துத்தான் பெட்டி எண்ண வேண்டும்.

வீவக விதிகளிலும் ஒன்றிரண்டு கேள்வி வரும். பழைய தரையைப் பெயர்ப்பதுபோன்ற சத்தமான வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமை கூடாது.

இரண்டாவது தேர்வில் கடைசியாக முடித்தவன் நான். பலகைமேல் ஈரமாக இருந்த பசைக் கறையை உடனுக்குடன் துடைத்தேன். ஒட்டியிருந்த டேப்பை உரித்தேன். உருளையை இரண்டு திசையிலும் ஓட்டினேன். அதே தேர்வாளர், அதே குண்டுக் கம்பி. என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூலைவரை தட்டிக்கொண்டு போனவர் கதவு நிலைக்கருகே மட்டும் நின்று அதே இடத்தில் இரண்டு முறை தட்டினார். அங்கே கரண்டி நுழையாததால் பசையை விரலளவுத் தகட்டால் இழுத்துவிட்டிருந்தேன். குனிந்து பார்த்தார், தாளில் எதையோ எழுதினார். “அடுத்த முறை இங்கே பலகையின் முதுகிலும் கொஞ்சம் தடவு” என்றார். அப்போதுதான் தேறிவிட்டேன் என்று புரிந்தது.