பொதிகையை எங்கே பார்ப்பது? நெல்லைக் கட்டடங்களில் படித்த அனுபவம்

எங்கள் ஊரில் பொதிகை என்றால் மலை. தாமிரபரணி பிறக்கும் மலை. முதுகலை வரலாற்றில் கோயிற்கலைத் தாளுக்குப் படித்தபோதுதான், தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் உறுப்புக்கும் அதுவே பெயர் என்று தெரிந்தது. பல்லவர் பொதிகையில் அலை வரிகள், சோழர் பொதிகையில் சரிந்த வெட்டு, நாயக்கர் பொதிகையில் தொங்கும் பூமொட்டு என்று மனப்பாடம் செய்தேன். வகுப்புத் தேர்வில் படத்தைக் கொடுத்துக் காலம் கேட்டார்கள். தப்பாக எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டும் பென்சிலுமாக டவுனுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நெல்லையப்பர் கோயில் முழுவதையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தது தவறு. நடை சாத்தும் வரை சுற்றியும் மனத்தில் எதுவும் தங்கவில்லை. அடுத்த வாரம் சங்கிலி மண்டபத்தோடு நிறுத்திக்கொண்டேன். சுவாமி கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனியாக நின்றவை. 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய இந்த மண்டபம்தான் இரண்டையும் இணைத்தது. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை ஓடிய வழி அது. அன்று ஒவ்வொரு தூணாக நின்று, அண்ணாந்து பார்த்து, வரைந்தேன். ஓவியம் எனக்கு வராது, ஆனாலும் வரையுங்கள். செல்போனில் எடுத்த படம் மறந்துபோகும், கை வரைந்தது மறப்பதில்லை.

அங்கே கற்ற முறை இதுதான்: இரண்டு கட்டடங்கள் சேரும் இடத்தைத் தேடுங்கள். தரை மட்டம் எங்கே மாறுகிறது, கல்லின் நிறம் எங்கே வேறாகிறது, பழைய சுவரின் விளிம்பைப் பிந்திய தூண் எங்கே மறைக்கிறது என்று பாருங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று கல்லே சொல்லிவிடும். மணி மண்டபத்தின் இசைத் தூண்களிலும் உற்றுப் பார்க்க வேண்டியது, நடுத்தூணும் சுற்றியுள்ள சிறுதூண்களும் ஒரே கல்லில் குடைந்தவை என்பதைத்தான். நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் கல் நமக்குப் பின்னும் இருக்க வேண்டும்.

அதே கண்ணோடு ஆற்றுக்குப் போனேன். குறுக்குத்துறை முருகன் கோயிலில் கட்டடமும் வெள்ளமும் சேர்கின்றன. தண்ணீர் வரும் பக்கத்துச் சுவர் படகின் முனைபோலக் கூராக இருப்பதால் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து போகிறது. பெருவெள்ளத்தில் கோயிலே மூழ்குவதும் உண்டு. அப்போது உற்சவரை முன்கூட்டியே கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அடுத்து, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கும் சுலோசன முதலியார் பாலம். 1843இல் அவர் சொந்தப் பணத்தில் கட்டியது, 11 வளைவுகள் கொண்டது. மேலே பஸ்ஸில் போனால் ஒன்றும் தெரியாது. கோடையில் ஆற்றுக்குள் இறங்கி, பழைய வளைவும் பிற்காலத்தில் அகலப்படுத்திய பகுதியும் எங்கே ஒட்டுகின்றன என்று பாருங்கள். பாலத்தைத் தாண்டினால் பாளையில் 1826இல் எழுந்த ஊசிக்கோபுரம் தேவாலயம். அதையும் பார்த்துவிடுங்கள்.

வீடுகளை விட்டுவிடாதீர்கள். டவுன் தெருக்களில் தார்சாவும் (திண்ணையை அடுத்த முன்கூடம்) தட்டட்டியும் (மொட்டை மாடி) உள்ள பழைய வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அனுமதி கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், அந்த வீட்டு ஆச்சியே மரம் எங்கிருந்து வந்தது, எந்தச் சுவர் எப்போது எடுத்தது என்று சொல்லத் தொடங்குவார். எந்த நூலகத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

கடைசியாக, திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, எதையும் படிக்காமல் அங்கே போங்கள். தகவல் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, பொதிகையைப் பார்த்து, காலத்தை நோட்டில் எழுதுங்கள். அதன்பின் திரும்பிப் பலகையைப் படியுங்கள். நான் 16ஆம் நூற்றாண்டு, நாயக்கர் என்று எழுதியிருந்தேன்.