ஃபை சிப்புக்கு எத்தனை வோல்ட்: டிவைஸ் ட்ரீ நாட்குறிப்பு

ஜூன் 2

ஏஆர்8031 ஈதர்நெட் ஃபை (நெட்வொர்க் கேபிளுக்கும் பிராசசருக்கும் நடுவில் நிற்கும் சிப்) உள்ள புதிய போர்டுக்கு டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் என்னென்ன இருக்கிறது என்று லினக்ஸ் கர்னலுக்குச் சொல்லும் கோப்பு, எழுதும் வேலை தொடங்குகிறது. எடிட்டரைத் திறப்பதற்கு முன் போர்டின் மின்சுற்று வரைபடமான ஸ்கீமாட்டிக்கைத் திறக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை: ஃபைக்கு வரும் 3.3 வோல்ட் எங்கிருந்து வருகிறது, ஃபையின் விடிடிஐஓ பின் (சிக்னல்களுக்கான மின்சாரம் வரும் பின்) எதோடு இணைந்திருக்கிறது, பிராசசர் பக்கம் ஆர்ஜிஎம்ஐஐ (ஃபைக்கும் பிராசசருக்கும் இடையே தரவு போகும் இணைப்பு) பேட்கள், அதாவது சிப்பின் சிக்னல் முனைகள், எந்த வோல்டேஜில் உள்ளன. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தப் போர்டில் பேட்கள் 1.8 வோல்ட். அப்படியானால் ஃபையும் 1.8-இல்தான் பேச வேண்டும்.

ஏஆர்8031-க்குள்ளேயே, குறிப்பிட்ட வோல்டேஜை நிலையாகத் தரும் ரெகுலேட்டர்கள் இரண்டு இருக்கின்றன. விடிடிஐஓ ரெகுலேட்டர் 1.5 அல்லது 1.8 தரும், விடிடிஹெச் 2.5 தரும். போர்டில் கம்பி எதற்குப் போயிருக்கிறதோ அதைத்தான் டிவைஸ் ட்ரீ சொல்ல வேண்டும். விருப்பப்பட்ட எண்ணை எழுதினால் கம்பி மாறாது.

ஜூன் 3

டிவைஸ் ட்ரீயில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள பகுதிதான் நோட். ஃபை நோட்டுக்குள் ‘விடிடிஐஓ-ரெகுலேட்டர்’ என்று ஒரு துணை நோட். அதில் ‘ரெகுலேட்டர்-மின்-மைக்ரோவோல்ட்’, ‘ரெகுலேட்டர்-மேக்ஸ்-மைக்ரோவோல்ட்’ (மினிமம், மேக்ஸிமம்) இரண்டிலும் 1800000, அதாவது 1.8 வோல்ட். பிறகு ஃபை நோட்டில் ‘விடிடிஐஓ-சப்ளை’ அந்தத் துணை நோட்டின் லேபிளைக் காட்ட வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் ரெகுலேட்டர் பதிவாகும். ஆனால் அதைக் கேட்டு வாங்க ஆள் இருக்காது.

1800000-இல் ஒரு சைபர் குறைந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. பூட் ஆனதும் ‘/ப்ராக்/டிவைஸ்-ட்ரீ’க்குக் கீழே அந்த ப்ராபர்ட்டி ஃபைலை ஹெக்ஸ் டம்ப் எடுத்தால் நான்கு பைட்டுகள் தெரியும்: 00 1பி 77 40. அதுதான் 1800000. பெரிய பைட் முன்னால் வரும் வரிசை என்பதால் இடமிருந்து வலமாக அப்படியே படிக்கலாம்.

ஜூன் 4

நேற்றைய துணை நோட்டை எடுத்துவிட்டு ஒரு சோதனை. லிங்க் 1000 மெகாபிட் வேகத்தில் ஏறுகிறது, பிங் போகவில்லை. இது பலரைத் திசைதிருப்பும் அறிகுறி. கேபிள் பக்கத்து இணைப்பை ஃபை தானே பேசி முடித்துக்கொள்கிறது. அதற்கும் ஆர்ஜிஎம்ஐஐ வோல்டேஜுக்கும் சம்பந்தமில்லை. ஆக, லிங்க் ஏறியதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

உள்ளே நடப்பது இது: ரீசெட் ஆனதும் ஃபை 1.5 வோல்ட்டில்தான் எழும். 1.8 வோல்ட் பேட் ஒரு சிக்னலை 1 என்று ஏற்கப் பொதுவாக 0.65 மடங்கு, அதாவது 1.17 வோல்ட் வேண்டும். 1.5-இலிருந்து கிளம்பும் சிக்னலில் லோடும் இரைச்சலும் கொஞ்சம் தின்றுவிட்டால் மிச்சம் மிகக் குறைவு. ஒரு போர்டில் ஓடும், அடுத்த போர்டில் ஓடாது.

டிரைவர் செய்வது சின்ன வேலை: 29, 30-ஆம் ரெஜிஸ்டர்கள் வழியாக 31-ஆம் டீபக் ரெஜிஸ்டரில் 3-ஆம் பிட்டை 1 ஆக்குகிறது. விடிடிஐஓ பின்னுக்குப் பக்கத்திலுள்ள கெப்பாசிட்டரில் மல்டிமீட்டரை வைத்தால், டிரைவர் ஏறியதும் 1.5 என்பது 1.8 ஆவதைக் கண்ணால் பார்க்கலாம். லாக்கை விட இந்த அளவீட்டையே நம்பச் சொல்வேன்.

ஒரு பொறி உண்டு. பூட்லோடரும் இதே பிட்டை எழுதக்கூடும். அப்போது கர்னல் பக்கத்தில் துணை நோட் இல்லாவிட்டாலும் எல்லாம் ஓடுவதுபோல் தெரியும். பிறகு யாராவது, கர்னலே ஃபையை ரீசெட் செய்வதற்கான ‘ரீசெட்-ஜிபிஐஓஸ்’ வரியைச் சேர்ப்பார்கள். ஃபை ரீசெட் ஆகி 1.5-க்குத் திரும்பும், பழி ரீசெட் பேட்ச் மேல் விழும்.

ஜூன் 6

ஏஆர்8035 உள்ள போர்டுக்கு இதை அப்படியே காப்பி செய்யாதீர்கள். அதில் வோல்டேஜ், போர்டில் பொருத்திய ஸ்ட்ராப்பிங் ரெசிஸ்டரால் முடிவாகிறது. டிரைவர் இந்த நோட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஜூன் 9

ஃபைக்கு வரும் 3.3 வோல்ட்டை ஜிபிஐஓ (மென்பொருள் கட்டுப்படுத்தும் பின்) மூலம் அணைத்துப் போடும் போர்டுகளில் ‘ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு’ நோட் வேண்டும். அதை யாரும் பயன்படுத்துவதாக அறிவிக்காவிட்டால், பூட் ஆகி 30 விநாடி கழித்துக் கர்னல் அதை அணைத்துவிடும். நெட்வொர்க் நன்றாக ஓடி, அரை நிமிடத்தில் செத்துப்போனால் முதலில் லாக்கில் அந்த ரெகுலேட்டரின் பெயரோடு ‘டிசேபிளிங்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘ரெகுலேட்டர்-பூட்-ஆன்’ மட்டும் இதைத் தடுக்காது. மேக் (பிராசசர் பக்கத்து ஈதர்நெட் பகுதி) டிரைவர் ‘ஃபை-சப்ளை’யைப் படிக்குமானால் அங்கே இணைப்பதே முறை, படிக்காவிட்டால் ‘ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்’.

‘ஸ்டார்ட்அப்-டிலே-யுஎஸ்’ மைக்ரோ விநாடியில். மின்சாரம் நிலைப்பதற்கு முன் எம்டிஐஓ (ஃபையின் ரெஜிஸ்டர்களைப் படிக்கும் இணைப்பு) வழியாகப் படித்தால், புல்-அப் காரணமாக 16 பிட்டும் 1 ஆகவே வரும். கர்னலுக்கு அங்கே ஃபையே இல்லை.

ஜூன் 11

பிராசசர் பக்கம். ராக்சிப் சிப்களில் ‘ஐஓ-டொமைன்’ நோட்டில் ஒவ்வொரு பேட் குழுவுக்கும் சப்ளையைக் காட்ட வேண்டும். டிரைவர் ரெகுலேட்டரின் வோல்டேஜைக் கேட்டு, 1.98 வோல்ட்டுக்கு மேல் என்றால் பேட்டை 3.3 முறைக்கு மாற்றும். 3.3 வந்துகொண்டிருக்கும்போது பேட் 1.8 முறையில் இருந்தால் சிப்புக்கே சேதம். இதில் ‘ஓட்டிப் பார்ப்போம்’ என்பது கூடாது.

ரெனிசாஸ் ஆர்இசட்/ஜி2எல் சிப்பில் பின் கன்ட்ரோல் நோட்டில் ‘பவர்-சோர்ஸ்’: 1800, 2500, 3300. இங்கே அலகு மில்லிவோல்ட். ரெகுலேட்டர் நோட்டில் மைக்ரோவோல்ட், பக்கத்து நோட்டில் மில்லிவோல்ட். ரிவ்யூவில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஜூன் 12

பேக்கெட் போகாததற்கு ‘ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி’ டிலே (தரவோடு ஒப்பிட்டுக் கிளாக்கைச் சற்றுத் தாமதப்படுத்துவது) தவறும் காரணமாகலாம், அறிகுறி ஒன்றே. பிரித்தறிய ஈத்டூல் கட்டளை மூலம் வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்குங்கள். அங்கே கிளாக் 2.5 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்று 400 நானோ விநாடி. 2 நானோ விநாடி டிலே ஒரு பொருட்டே அல்ல. 10-இல் ஓடி 1000-இல் விழுந்தால் டிலேயைத் தொடுங்கள். 10-இலும் பேக்கெட் வரவில்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள்.