ரேகை விழல

ரேஷன் கடை வரிசை எவ்வளவு நீளமாக நின்றாலும், யாருக்கு மெஷினில் கைரேகை விழாது என்பது எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், எழுபது தாண்டிய பாட்டிகள். சிமெண்டும் சோப்புத்தூளும் தின்ற விரல்கள்.

ரேஷன் கடையில் நான் விற்பனையாளராகச் சேர்ந்தபோது கார்டில் உள்தாள் ஒட்டிக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டுப் பையன் கார்டைக் கொண்டுவந்தாலும் பொருள் போட்டுவிடுவோம். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020-ல் கைரேகை. அப்புறம் கார்டில் பேர் உள்ளவர் வந்து விரல் வைத்தால்தான் பில்.

காரணம் இல்லாமல் இல்லை. வாங்காத கார்டுக்கெல்லாம் பில் விழுந்து அரிசி வேறெங்கோ போனதுண்டு. எங்கள் ஆட்கள் செய்த வேலைதான். அதற்கான தண்டனை பாட்டிகளுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பாட்டிக்கு மிக ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டு, மாதம் 35 கிலோ அரிசி. கட்டைவிரல் விழவில்லை. சேலையில் துடைத்து வைத்தார், விழவில்லை. போனுக்கு ஓடிபி அனுப்பலாமென்றால், கார்டில் இருப்பது திருப்பூரில் இருக்கும் மகனின் நம்பர். கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் பிள்ளை எப்படி எடுப்பான்?

"நேத்து வரைக்கும் என்னைத் தெரிஞ்ச உனக்கு இன்னிக்கு என் விரலைக் கேக்கணுமாப்பா?"

ரேகை விழாவிட்டாலும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வழி இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் நிறைந்தால் ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் புரட்டுவார். எனக்குப் பயம். "நாளைக்கு வாங்க பாட்டி" என்று அனுப்பிவிட்டேன். வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள் வந்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்ததில் இடதுகை நடுவிரல் விழுந்தது. அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். பாட்டிக்கு இடது நடுவிரல். மேஸ்திரி வீட்டு அக்காவுக்கு வலது மோதிரவிரல், அதுவும் வேலைக்குப் போகுமுன் காலையில் வந்தால்தான்.

2025-ல் தாயுமானவர் திட்டம் வந்து, வயதானவர்களுக்கு வீட்டுக்கே பொருள் போக ஆரம்பித்தது. நல்ல விஷயம். வண்டியில் மூட்டையோடு அந்த ரேகை மெஷினும் போனது.

எனக்கு வேறு கடைக்கு மாறுதல் வந்தபோது, புதிதாக வந்த தம்பியிடம் சாவி, இருப்புப் பதிவேடு எல்லாம் ஒப்படைத்தேன். கடைசியாக அந்த நோட்டையும் கொடுத்தேன். "இது எதுக்குண்ணே?" என்றான். "முதல் தேதி வரட்டும், தெரியும்" என்றேன்.