படத்திலிருந்து பலகைக்கு: நெல்லையில் ஒரு வீட்டு வடிவமைப்புத் தொழில்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி அறையில், வீட்டைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்து காட்டி, அதன்படியே சமையலறை அலமாரி முதல் கட்டில் வரை செய்து பொருத்தித் தரும் தொழிலைத் தொடங்கினேன். ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்கள் இன்று கல்லூரி மாணவர்களுக்கே கைவந்தவை என்பதால், படம் வரையத் தெரிவது மட்டும் ஒரு தொழிலுக்கு முதலாகாது என்பது விரைவிலேயே புரிந்துவிட்டது. வந்தவர்கள் படத்தை ரசித்தார்கள். வாட்ஸ்அப்பில் வாங்கித் துபாயிலோ சென்னையிலோ இருக்கும் மகனுக்குக் காட்டினார்கள். பிறகு அதைத் தங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. சும்மா கிடைக்கும் படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அப்படி ஒரு படத்தை வாங்கிய ஆசாரி ஒருவர் நேராக எங்கள் அறைக்கே வந்தார். "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. சுவர் மூலைமட்டத்துல இல்லியே, இந்த அலமாரிய எங்க கொண்டு வைக்க?" என்று கேட்டார். "வாங்க அண்ணாச்சி, போய்ப் பார்த்திருவோம்" என்று அவருடன் கே.டி.சி. நகரில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். சமையலறை மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் பென்சிலால் குறித்து, இரண்டு புள்ளிகளுக்கும் குறுக்கே டேப்பைப் பிடித்தார். மூலை செங்கோணமாக இருந்தால் சரியாக 5 அடி காட்ட வேண்டிய டேப், அதற்கு மேல் ஓர் அங்குலம் கூட்டிக் காட்டியது. புதிதாகப் பூசிய, பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத சுவர் அது. நெல்லை டவுனில் உள்ள பழைய வீடுகளின் பட்டாசல் என்னும் முன்கூடத்திலும் அரங்கு வீடு என்னும் உள்ளறையிலும் இந்த விலகல் இன்னும் கூடுதலாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அதன் பிறகு எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அளவெடுப்புக்கே போனது. லேசர் அளவுக்கருவியைக் கொண்டு ஒவ்வொரு சுவரையும் தரையருகிலும், மேடை உயரத்திலும், லிண்டல் உயரத்திலும் அளந்து, மூன்றில் குறைந்த அளவையே அலமாரிக்கு எடுத்துக்கொள்கிறோம். மிச்ச இடைவெளியை மூடுவதற்கான பட்டையையும் வரைபடத்திலேயே காட்டிவிடுகிறோம். மென்பொருளின் உண்மையான பயன் அடுத்த கட்டத்தில்தான் தெரிந்தது. வரைந்த அலமாரியை அது துண்டுகளாகப் பிரித்து, 8 அடிக்கு 4 அடிப் பலகைகளில் எந்தத் துண்டு எங்கே அமையும் என்று வெட்டுப்பட்டியல் தருகிறது. ரம்பம் தின்னும் 3, 4 மில்லிமீட்டரையும், ஓரத்தில் ஒட்டும் பட்டையின் கனத்தையும், மர ரேகை ஓடும் திசையையும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ரேகை பார்க்காவிட்டால் பலகை மிச்சமாகும், ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் ஒன்றில் கோடு நெடுக்காகவும் மற்றொன்றில் குறுக்காகவும் ஓடும்.

இந்தப் பட்டியல் பேரம் பேசும் விதத்தையும் மாற்றியது. எங்கள் ஊரில் "சதுர அடி என்ன ரேட்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கணக்கில் முன்முகத்தின் பரப்பு மட்டுமே வருவதால், 2 அடி ஆழமுள்ள கீழ் அலமாரிக்கும் 1 அடி ஆழமுள்ள மேல் அலமாரிக்கும் ஒரே விலை வந்துவிடுகிறது. யாரோ ஒருவருக்கு அது நட்டமாகத்தான் முடியும். பலகை எத்தனை, கீல் எத்தனை, கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்டியபோது, குறைக்கச் சொன்னவர்களும் எதைக் குறைப்பது என்று எங்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். இப்போது அளவெடுப்புக்கும் வரைபடத்துக்கும் தனிக் கட்டணம் வாங்குகிறோம். வெளி ஆசாரியிடம் வேலையைக் கொடுக்க விரும்புவோருக்கு வெட்டுப்பட்டியலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

பலகை அறுக்கும் எந்திரத்துக்காக மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக நீட்ஸ் திட்டத்தில் விண்ணப்பித்தேன். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மூலதன மானியம் தரும் திட்டம் அது. வங்கியில் எந்திரத்தின் விலைப்புள்ளியைத் துருவித் துருவிக் கேட்டார்கள். மென்பொருளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஆற்றோரப் பகுதிகளில் மரத்தூளை அழுத்திச் செய்த துகள்பலகை அலமாரிகள் ஊறி உப்பிப் போயின. அதுவரை விலை அதிகம் என்று ஒதுக்கப்பட்ட ஐ.எஸ். 710 தரப் பலகையை, அதாவது ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டை, மக்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். வெள்ளத்தில் நாள்கணக்கில் மூழ்கினால் அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை எடுத்துச் சொல்லி, கீழ் அலமாரிகளைத் துருப்பிடிக்காத கால்களின்மேல் உயர்த்தி வைக்கிறோம்.

பணப்புழக்கம் பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. மார்கழியில் புது வேலைக்கு முன்பணம் கொடுக்கப் பெரும்பாலோர் தயங்குவார்கள். தையில் பால்காய்ப்பு வைத்தவர்களோ அதே மார்கழிக்குள் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்வார்கள். ஆகவே அந்த மாதக் கூலியை ஐப்பசியிலேயே ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது.

2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி தரும் திட்டம் வந்தது. அனுமதிக்கு அலைய வேண்டியது குறைந்ததால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே எங்களிடம் வருவோர் கூடியிருக்கிறார்கள். குளிர்பெட்டி எங்கே, மிக்சிக்குப் பிளக் எங்கே, அலமாரிக் கதவு திறந்தால் சுவிட்சை மறைக்குமா என்பதையெல்லாம் பூச்சுக்கு முன்பே கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் பக்கத்தில் நிற்க, செங்கல்லின்மேல் சாக்பீஸால் குறித்துவிட முடிகிறது.