நுரை உதிர்ந்த ஸ்பீக்கர்

புது ஸ்பீக்கருக்கு 80,000 ரூபாய் சேர்த்து முடிப்பதற்குள் என் காதே மந்தமாகிவிடும் என்று தோன்றியது. அதனால் இருபது வருடப் பழைய ஜோடி ஒன்றை ஒரு பெரியவரிடம் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். முன்துணியைக் கழற்றினால், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் பொரித்த அப்பளம் போல விரல் பட்டதும் உதிர்ந்தது. வீட்டில் ஒரு பார்வை பார்த்தார்கள். அதை விவரிக்க வேண்டியதில்லை.

ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் கூம்பின் இருபுறமும் விரல் வைத்து மெல்ல அழுத்தினார், காதை அருகில் கொண்டுபோனார். "உரசல் இல்லை சார், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நன்றாக இருக்கிறது. நுரைதான் போய்விட்டது" என்றார். வளையம், கூலி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். ரப்பர் வளையமாக இருந்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது. பழையது வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேயே அழகான ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று கண்ணைப் பறித்தது. திருப்பிப் பார்த்தேன்: 100 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். விற்றவர் வாயைத் திறக்கவில்லை. தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சுமக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

மொசைக் தரையில் எதிரொலி அடித்தது. பவானி ஜமுக்காளத்தை விரித்து, பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தேன். நேற்றிரவு கச்சேரிப் பதிவு ஒன்றில், கடத்தின் மேல் மோதிரம் பட்ட ஓசை தனியாகக் கேட்டது. பெட்டிகளைத் திரும்பச் சுவரோடு தள்ளச் சொல்லி இன்று காலை உத்தரவு வந்திருக்கிறது.