நடு நாப்பது பக்கம்

போன மார்கழியில ரீச்சர் காலமாயிட்டா எண்டு வாட்ஸ்அப்பில வந்த நேரம் நான் மகளின்ர அறையில மங்கா எண்ட ஜப்பான் படக்கதைப் புத்தகம் அடுக்கிக்கொண்டு நிண்டன். மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் எண்டு எங்கட பழைய மாணவர் சங்கத்தில மூண்டு தரம் கேட்டவை, ரீச்சரைப் பற்றி எண்டால் எழுதுறன் எண்டு சொல்லிப்போட்டன், ஆனா மங்காவும் கூட வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஆரெண்டு பேர் சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சீலை, குடை, நூலக அலுமாரித் திறப்பு. 93இல, யாழ்ப்பாணத்தில சண்டைக் காலம், நாங்கள் பத்தாம் வகுப்பு. கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, பேப்பர் கூட தட்டுப்பாடு, ஆனா மாத நாவல் மட்டும் எங்கேயிருந்தோ வரும், வள்ளத்தில வந்ததோ 87க்கு முந்தின பழசோ தெரியாது. ஒரு புத்தகத்துக்கு இருவது பேர் வரிசை. அதால தையலைப் பிரிச்சு மூண்டு துண்டாக்கி ஆளாளுக்கு மாத்துவம். என்னட்ட வந்தது நடு நாப்பது பக்கம். அதோடதான் பிடிபட்டன்.

அடுத்த நாள் பிரேயர் முடிய ரீச்சர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு “உரத்து வாசியும் பிள்ளை” எண்டா. கதாநாயகன் காருக்குள்ள அவளை அறையிறான், அவள் அழுகிறாள், அழுதுகொண்டே அவன்ர கையைப் பாத்து ரசிக்கிறாள். நான் வாசிக்க வாசிக்க கீழ்வகுப்புப் பிள்ளையள் சிரிக்கத் தொடங்கிட்டுதுகள். முடிய ரீச்சர் கேட்டா: “உமக்கு ஒருத்தன் இப்பிடி அறைஞ்சால் வெக்கம் வருமோ கோபம் வருமோ?” நான் வாய் திறக்கேல்லை. மூண்டு மாசம் என்னை எல்லாரும் “வெக்கமோ கோபமோ” எண்டுதான் கூப்பிட்டவை, இதை வாசிக்கிற சில பேரும் அதில அடக்கம்.

இப்ப கனடாவில, ஸ்காபரோவில என்ர மகளுக்கு அதே வயசு. அவள் வாசிக்கிறது ‘ஹானா யோரி டாங்கோ’, 1992இல ஜப்பானில தொடங்கின கதை. நாங்கள் காரில அறை வாங்கின பெட்டையைப் படிச்ச காலத்தில அங்கயும் ஒரு பெட்டைக்கு சிவப்பு அட்டை ஒட்டி முழுப் பள்ளிக்கூடத்தையும் ஏவி விட்ட பணக்காரப் பெடியன்தான் கதாநாயகன், பிறகு அவனைத்தான் அவள் விரும்புறாள். (2009 கொரிய நாடகமாப் பாத்து நானும் உருகினனான், பொய் சொல்லேலாது.) நான் ரீச்சர் மாதிரியே, அதே கேள்வியை மகளிட்டக் கேட்டன். அவள் தலை நிமிராமல் “அம்மா, அவன் டொக்சிக் எண்டு எனக்குத் தெரியும். புத்தகத்தில எனக்கு அவனைப் பிடிக்கும். என்ர வகுப்பில ஒருத்தன் இப்பிடிச் செய்தா நான் நேர பிரின்சிபலிட்டப் போவன்” எண்டாள். முப்பது வருசம் எனக்கு வராத பதில்.

பிறகு நானே இருந்து வாசிச்சன். ‘ஃப்ருட்ஸ் பாஸ்கெட்’ 23 புத்தகம், நட்சுகி டகாயா 1998இல இருந்து 2006 வரைக்கும் எழுதினது. பாக்க சின்னப்பிள்ளைக் கதை, ஒரு குடும்பத்து மனுசர் கட்டிப்பிடிச்சா எலி, பூனை எண்டு மாறுகினம். உள்ள போனா அந்தக் குடும்பத்துக்குத் தலைமையான அக்கிட்டோ ஒருத்தற்ற கண்ணைக் கெடுத்தது, ரின் எண்ட பெட்டையை யன்னலால தள்ளினது. கடைசியில கதாநாயகி டோரு அந்த அக்கிட்டோவுக்கே கை நீட்டுறா, ரின் மன்னிக்க மாட்டன் எண்டு நிக்கிறா. இதில வாசகர் இண்டைக்கும் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை, ஒரு பக்கம் கொடுமையை மூடி மறைக்கினம் எண்டு, மற்றப் பக்கம் தங்கட வீட்டை முதல்முதல் ஒரு புத்தகத்தில கண்டம் எண்டு. ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுத்து பாருங்கோ எண்டு காட்டுற ஆக்களைப் பாத்தால் எனக்கு உடன என்ர நாப்பது பக்கம்தான் ஞாபகம் வரும்.

ஆனா ‘நானா’ எண்ட மங்காவில நான் வழுக்கிட்டன். 2000இல தொடங்கி 2009இல ஆசிரியை நோயில விழுந்ததோட நிண்ட கதை. டகுமி எண்ட அந்த பேஸ் கிற்றார்காரனை வாசகருக்குக் கண்ணில காட்டேலாது, மகள் அவன்ர படத்துக்கு மேல ஸ்டிக்கரே ஒட்டி வச்சிருக்கிறாள். வயித்தில பிள்ளையோட கதாநாயகி ஹாச்சி அவனைத் தெரிஞ்செடுத்ததை “லூசுப் பெட்டை” எண்டு மகள் ஏசுறாள். நான் ஒண்டும் சொல்லேல்லை. 97இல போட்டோ பாத்து, ஸ்பொன்சரில, கொழும்பு லொட்ஜில மூண்டு மாசம் கிடந்து இஞ்ச வந்தவள் நான். வீடு, விசா, ஒரு ஆள். எங்கட பட்ச்சில எத்தினை ஹாச்சியள் எண்டு எனக்குத் தெரியும்.

2014இல ஊருக்குப் போனப்ப ரீச்சரைப் பாத்தன். கண் தெளிவில்லை, பேரைச் சொன்னதும் பிடிச்சிட்டா. தேத்தண்ணி தந்துபோட்டு, 95 இடப்பெயர்வுக்கு எல்லாரையும் போல கையில கிடைச்சதோட போனதாம், திரும்பி வர அலுமாரியே இல்லையாம். பறிச்ச புத்தகம் எல்லாம் அதுக்குள்ளதான் இருந்ததாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, “உம்மட்ட எடுத்தது நடுத்துண்டுதானே. கடைசியில அவன் அவளிட்ட மன்னிப்புக் கேட்டவனோ?” எண்டு கேட்டா.

கடைசித் துண்டை நான் பிறகு வாசிச்சனான்.

“இல்லை ரீச்சர்,” எண்டன். “அவள்தான் கேட்டவள்.”