பச்சைத் தோள்

தொட்டிச் செடியில் முதல் தக்காளி இன்று காலை பழுத்திருந்தது. ஆனால் காம்பைச் சுற்றி மட்டும் பச்சை போகவே இல்லை.

நோயோ என்று பயந்து, விதை கொடுத்த நண்பரைக் கூப்பிட்டேன். சிரித்தார். "பழைய ரகம்னா தோள் அப்படித்தான் இருக்கும்."

அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். காம்படியில் கரும்பச்சை, கொஞ்சம் கீழே மஞ்சள், அங்கிருந்து எங்கே முடிகிறது என்றே தெரியாமல் சிவப்பு.

கடைத் தக்காளியில் இது பெரும்பாலும் இருக்காது. போன நூற்றாண்டில், ஒரே சீராகப் பழுக்கிற செடிகளை வளர்ப்பாளர்கள் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்கள். பறிக்கும் பக்குவம் சட்டென்று தெரியும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும்.

அதற்கு என்ன கொடுத்தோம் என்பது 2012ல்தான் புரிந்தது. அந்தச் செடிகளில் பழுதாகியிருந்தது, காயில் பச்சையத்தை வளர்க்கும் மரபணு. காயும் இலையைப் போல வெயிலில் கொஞ்சம் சர்க்கரை சமைக்கிறது. அழகுக்காக அந்த அடுப்பைத் தணித்துவிட்டோம்!

பெரு, எக்வடோர் பக்கம் இன்றும் தானாக முளைக்கும் காட்டுத் தக்காளி பட்டாணி அளவுதான். அதிலிருந்து உள்ளங்கை நிறையும் பழம் வரை கொண்டுவந்தவர்கள், மரபணு என்ற சொல்லையே கேட்டிராத விவசாயிகள். நல்ல பழத்தின் விதையை எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

நானும் பாதியைத் தின்றுவிட்டு, மீதியின் விதைகளைக் கழுவிக் காகிதத்தில் காயவைத்திருக்கிறேன். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அடுத்த செடியிலும் இதே தோள் வந்துவிடும்.